பழைய பெட்ரோல் ஹைலக்ஸ்: பம்புக்குப் போகிற கரண்ட் எங்கே தொலைகிறது?

மட்டக்களப்புப் படுவான்கரையில் ஓடுகிற கெப்களில் பெரும்பாலானவை டீசல். டீசல் கெப் வழியில் நின்றால் களுவாஞ்சிகுடியில் எந்த கராஜ் பாஸும் சத்தத்தைக் கேட்டே வியாதியைச் சொல்லிவிடுவார். பெட்ரோல் கெப், அதிலும் இன்ஜெக்‌ஷன் வந்த காலத்துப் பழைய கெப் என்றால் எல்லாரிடமும் ஒரே மருந்துதான்: "பம்பு போயிட்டு, மாத்துவம்."

மாமாவின் டொயோட்டா ஹைலக்ஸுக்கும் அந்த மருந்து ஏற்கெனவே கொடுக்கப்பட்டிருந்தது. 22ஆர்-ஈ என்ற பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் எஞ்சின் பூட்டிய, தொண்ணூறுகளின் ஆரம்பத்து வண்டி. ஒரு கராஜில் டாங்கியை இறக்கி, அதற்குள் இருந்து எஞ்சினுக்குப் பெட்ரோல் தள்ளுகிற பம்பை மாற்றிக் கொடுத்தார்கள். கொஞ்ச நாள் ஓடியது. பெரும்போக அறுவடை தொடங்கி, வட்டையிலிருந்து நெல் மூட்டை ஏற்றத் தொடங்கியதும் பழைய நோய் திரும்பி வந்தது. பட்டிருப்புப் பாலத்தின் நடுவில் மூட்டையோடு நின்றுவிட்டு, பின்னால் வந்த டிராக்டர்காரர்கள் எல்லாரிடமும் பேச்சு வாங்கிய பிறகுதான் மாமா என்னைக் கூப்பிட்டார். இன்னொரு பம்பு வாங்கட்டுமா என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

வாங்க வேண்டாம், முதலில் நோயைச் சொல்லுங்கள் என்றேன். அவர் சொன்னது ஒரு நோயல்ல, இரண்டு. பாரம் ஏற்றி அரை மணி நேரம் போல ஓடினால் இழுவை குறைந்து, இருமி, நின்றுவிடும். ஆறவிட்டால் மறுபடி ஓடும். இரவில் லைட் போட்டு ஓடினால் இன்னும் சீக்கிரம் நிற்கும். இது ஒன்று. மற்றது, சில காலைகளில் திறப்பைத் திருப்பினால் எஞ்சின் பிடிக்கும், திறப்பை விட்டவுடன் அணைந்துவிடும். இரண்டிலும் எஞ்சின் அணைவதால் மாமாவுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்தது. அப்படி ஒரே மூட்டையாகக் கட்டிக்கொண்டு தேடினால் எதையும் கண்டுபிடிக்க முடியாது. முதலாவது சூட்டோடும் பாரத்தோடும் வருகிறது. இரண்டாவது திறப்பின் நிலையோடு வருகிறது. ஆகவே தனித்தனியாகத் தேடினேன்.

தேடுவதற்கு முன் இந்த வண்டியில் பம்புக்குக் கரண்ட் போகும் பாதையைச் சொல்லிவிடுகிறேன். பெட்டரியிலிருந்து ஈஎஃப்ஐ என்று எழுதிய 15 அம்பியர் பியூஸ், அங்கிருந்து மெயின் ரிலே (ரிலே என்றால் சின்னக் கரண்ட் ஒன்றால் இயங்குகிற சுவிட்ச்), அங்கிருந்து சர்க்கிட் ஓப்பனிங் ரிலே, அங்கிருந்து சேஸ் நீளத்துக்கு வயர் ஓடி டாங்கிக்குள் இருக்கிற பம்பு, பம்பிலிருந்து ஏர்த், அதாவது வண்டியின் இரும்பு வழியாகப் பெட்டரியின் மைனஸுக்குத் திரும்புகிற பாதை. இதில் சர்க்கிட் ஓப்பனிங் ரிலேதான் புத்திசாலி. அதற்குள் இரண்டு கொயில். ஒன்று ஸ்டார்ட்டர் சுற்றும்போது மட்டும் உயிர் பெறும். மற்றது எஞ்சின் காற்றை இழுக்கும்போது உயிர் பெறும்: காற்று வடிகட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற ஏர் ஃப்ளோ மீட்டரின் கதவு திறந்தால் அதற்குள் இருக்கிற சின்னச் சுவிட்ச் மூடி, அந்தக் கொயிலுக்கு ஏர்த் கொடுக்கும். எஞ்சின் நின்றால் காற்று நிற்கும், கதவு மூடும், பம்பு நிற்கும்.

இதனால் ஒரு விஷயம் நடக்கிறது. இப்போதைய கார்களில் திறப்பை ஓன் பண்ணினதும் பின்னால் இரண்டு செக்கன் "ம்ம்" என்று பம்பு முனகும். இந்தப் பழைய டொயோட்டாவில் அந்த முனகல் இல்லை. ஸ்டார்ட்டரும் சுற்றவில்லை, காற்றும் ஓடவில்லை என்றால் பம்பு ஓட வேண்டிய அவசியமே இல்லை. புதுக் கார்களில் கைபழகிய ஒருவர் திறப்பைப் போட்டு, டாங்கிப் பக்கம் காதை வைத்து, சத்தமில்லை என்று பம்பைக் குற்றவாளியாக்கிவிடலாம். மாமாவின் முதல் பம்பு அப்படித்தான் போயிருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

பம்பைக் கட்டாயமாக ஓட வைக்க டொயோட்டாவே ஒரு வழி வைத்திருக்கிறது. எஞ்சின் அறையில் மூடி போட்ட ஒரு செக் கனெக்டர் இருக்கும். மூடியின் உட்புறத்தில் எந்தத் துவாரம் எது என்று அச்சடித்திருக்கும். பிளஸ் பி என்ற முனையையும் எஃப் பி என்ற முனையையும் ஒரு துண்டு வயரால் (இதுதான் ஜம்பர்) இணைத்துத் திறப்பை ஓன் பண்ணினால், சர்க்கிட் ஓப்பனிங் ரிலேயைத் தாண்டி நேரே பம்புக்குக் கரண்ட் போகும். பக்கத்திலேயே ஏர்த் முனையும் இருக்கிறது. பிளஸ் பியை அதோடு இணைத்தால் பியூஸ் போகும், ஆகவே கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள்.

வேலை முழுக்க வெளியில், மாமரத்துக்குக் கீழே. வீட்டோடு ஒட்டிய கொட்டிலில் பெட்ரோல் வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். ஆவி தரையோடு தவழ்ந்து அடுப்பு வரை போகும். வேடிக்கை பார்க்க வந்தவர்களின் பீடியை ரோட்டிலேயே அணைக்கச் சொன்னோம். டாங்கிக்குப் பக்கத்தில் எந்த வயரையும் கரண்டோடு தொட்டு எடுக்கக் கூடாது. கொழுவுவதும் கழற்றுவதும் திறப்பை ஓஃப் பண்ணிய பிறகுதான், பொறி வரக்கூடிய கடைசி இணைப்பு எஞ்சின் அறைப் பக்கத்தில்தான்.

ஜம்பர் போட்டேன். பம்பு ஓடியது. ஓடியது என்றாலும் சத்தம் களைத்த சத்தம். இந்த ஒரு சோதனையிலேயே பாதை இரண்டாக வெட்டுப்படுகிறது. ஜம்பரில் பம்பு திடமாக ஓடினால் குற்றம் ரிலேயிலோ காற்றுக் கதவிலோ. ஜம்பரிலும் சோர்ந்தால் குற்றம் அதற்குப் பின்னால், அதாவது வயர், பம்பு, ஏர்த் மூன்றில் ஒன்றில். பியூஸும் மெயின் ரிலேயும் கரண்டைக் கடத்துகின்றன என்பதும் தெரிந்தது, ஏனென்றால் பிளஸ் பி முனைக்கு அவற்றின் வழியாகத்தான் கரண்ட் வருகிறது. எவ்வளவு நன்றாகக் கடத்துகின்றன என்பதைப் பிறகு பார்த்தேன்.

பிறகு டாங்கிக்கு மேலே சேஸ் ஓரத்தில் இருக்கிற பம்புக் கனெக்டரைக் கழற்றி, வண்டிப் பக்கத்து முனைகளில் மீட்டரை வைத்தேன். 12.4 வோல்ட். கராஜிலும் இதைத்தான் பார்த்திருப்பார்கள். 12.4 வந்தால் வயரிங் சரி, அப்போது பம்புதான் பிழை என்ற முடிவு தானாக வரும். அந்த எண்ணை நம்பிப் பம்பு வாங்கியவர்கள் எத்தனை பேரோ.

மீட்டர் கரண்டை இழுக்காது. அதன் உள் எதிர்ப்பு மெகா ஓம் கணக்கில். நூல் அளவு செம்பு மட்டும் மிச்சமிருக்கிற வயரிலும், துருவின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கிற ஏர்த்திலும் அது 12.4 என்றே காட்டும். வாய்க்காலில் மண் அடைத்திருந்தாலும் மடையை மூடி வைத்தால் இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். திறந்து பாயவிட்டால்தான் அடைப்பு தெரியும். ஆகவே கனெக்டரைத் திரும்பக் கொழுவி, பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே, கனெக்டரின் பின்பக்கமாக மெல்லிய ஊசியை வயரோடு ஒட்டிச் செருகி அளந்தேன்.

பம்பின் இரண்டு முனைகளுக்கும் இடையில் 9.0 வோல்ட். பெட்டரியில் அந்த நேரம் 12.2. நடுவில் 3.2 வோல்ட்டைக் காணவில்லை.

காணாமற்போனதைத் தேட மீட்டரின் ஒரு முனையைப் பெட்டரியின் பிளஸில் வைத்து, மறுமுனையைப் பம்பின் பிளஸில் வைத்தேன் (நீளமான வயர் ஒன்று தேவை, நான் பழைய ஸ்பீக்கர் வயரைப் பாவித்தேன்). 0.6 வோல்ட். முப்பது வருட வண்டியின் வயருக்கும் பியூஸுக்கும் ரிலேக்கும் அது பெரிய பிழையில்லை. பிறகு பம்பின் ஏர்த் முனைக்கும் பெட்டரியின் மைனஸுக்கும் இடையில். 2.6 வோல்ட்.

இரண்டையும் கூட்டிப் பாருங்கள்: 0.6, 9.0, 2.6. சரியாக 12.2. கணக்கு மூடிவிட்டது, வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்று பார்க்க மீட்டரை 10 அம்பியர் துவாரத்துக்கு மாற்றி, ஜம்பர் வயருக்குப் பதிலாக மீட்டரையே பிளஸ் பிக்கும் எஃப் பிக்கும் இடையில் கொடுத்தேன். 3.6 அம்பியர். 2.6 வோல்ட்டை 3.6 ஆல் பிரித்தால் ஏறத்தாழ 0.7 ஓம். இதை ஓம் மீட்டரால் நேரே பிடிக்க முடியுமா என்றால், எங்களிடம் இருக்கிற சாதாரண மீட்டர்களின் வயரே 0.2, 0.3 ஓம் காட்டும், 0.7 வந்தாலும் "சின்ன எண்தானே" என்று கடந்துவிடுவோம். அந்தச் சின்ன எண்ணில் 2.6 வோல்ட்டும் 3.6 அம்பியரும் சேர்ந்து 9 வாட்டுக்கு மேல் சூடாகப் போய்க்கொண்டிருந்தது. சூடு ஏற ஏறத் துருப்பிடித்த மூட்டு இன்னும் மோசமாகும், பம்புக்கு இன்னும் குறையும். அரை மணி நேரக் கதைக்கு விளக்கம் அதுதான். எஞ்சின் ஓடும்போது டைனமோ 14 வோல்ட்டுக்குக் கிட்டக் கொடுப்பதால் பகலில் சமாளித்துக்கொண்டு போகும். இரவில் லைட் இழுத்தால் அந்த மேல்மிச்சம் குறையும். பாரம் ஏற்றும்போது பெட்ரோல் அதிகம் வேண்டும், பம்பு அந்த அளவு தள்ளாது.

மீட்டர் இல்லாதவருக்கு ஒரு வழி இருக்கிறது. பழைய ஹெட்லைட் பல்ப், 55 வாட் இழை. 12 வோல்ட்டில் அது இழுப்பது ஏறத்தாழ நாலரை அம்பியர், இந்த மாதிரிப் பம்பு இழுக்கிற அளவுக்குக் கிட்டத்தட்ட அதே. பம்புக் கனெக்டரைக் கழற்றி, நீளமான வயரோடு பல்பைக் கொடுத்து, பல்பை டாங்கியிலிருந்து நன்றாகத் தள்ளி வைத்து ஜம்பரைப் போடுங்கள். பெட்டரியில் நேரே பிடித்தால் எரிகிற வெளிச்சத்தோடு எரிந்தால் வயரிங் நல்லது. மங்கலாக எரிந்தால் பம்பை மாற்றி ஒரு பயனுமில்லை. எல்ஈடி பல்போ இண்டிகேட்டர் பல்போ இதற்குச் சரிவராது, அவை இழுப்பது மிகக் குறைவு.

ஏர்த் எங்கே போகிறது என்று வயரோடு போய்ப் பார்த்தேன். டாங்கிக்குப் பின்னால் சேஸ் குறுக்குச் சட்டத்தில் ஒரு போல்ட், அதைச் சுற்றி மண். மாரியில் வெள்ளம் மறிக்கிற ரோடுகளில் மாமா வண்டியைத் தண்ணீருக்குள் விட்டுப் போகிறவர். வாவி பெருகி வருகிற தண்ணீரில் உப்பும் இருக்கும். போல்ட்டில் ஸ்பானரை வைத்ததுமே துரு பொலுபொலுவென்று உதிர்ந்தது. வயர் நுனியைப் போல்ட்டில் பிடிக்கிற லக் பச்சை பூத்திருந்தது. அந்த ஒரு லக்குக்குள்ளேயே இரண்டு வயர்களை முறுக்கி, டேப் சுற்றி வைத்திருந்தார்கள்: ஒன்று பம்பின் ஏர்த், மற்றது பெட்ரோல் கேஜுக்காக டாங்கிக்குள் மட்டம் அளக்கிற சென்டரின் ஏர்த். யார் செய்தது, எப்போது செய்தது என்று தெரியாது.

கேஜ் என்றதும் மாமா சொன்னார், "மனே, அந்த முள்ளு எப்பயும் பொய்தான் சொல்லும். நான் அதப் பாக்கிறதே இல்ல." என்ன பொய் என்று கேட்டேன். எஞ்சின் ஓடத் தொடங்கினால் முள் கொஞ்சம் கீழே இறங்குமாம். வருடக்கணக்காக இறங்கிக்கொண்டிருக்கிறது. ஏர்த்தில் 2.6 வோல்ட் தேங்கி நின்றால் அதே ஏர்த்தைப் பாவிக்கிற கேஜுக்கும் கரண்ட் குறையும், முள் இறங்கத்தான் செய்யும். டாஷ்போர்ட்டிலேயே நோய் எழுதப்பட்டிருந்தது. கராஜில் மாமாவிடம் யாரும் கேஜைப் பற்றிக் கேட்கவில்லை. பழைய வண்டி எடுத்து வருகிறவரிடம் "பம்பு ஓடும்போது வேறு எது வித்தியாசமாக நடக்கிறது" என்று கேட்பது மீட்டரை விடச் சீக்கிரம் வேலை செய்யும்.

திருத்தம் அதிக நேரம் எடுக்கவில்லை. பெட்டரியின் மைனஸைக் கழற்றி வைத்துவிட்டு, சேஸை வயர் பிரஷ்ஷால் வெள்ளை இரும்பு தெரியும்வரை உரசினேன். பழைய லக்கை வெட்டினபோது வயருக்குள் செம்பு கறுத்திருந்தது. உப்புத் தண்ணீர் பிளாஸ்டிக்குக்குள் ஊறி நீளத்துக்கு ஏறிவிடும். கறுத்த செம்பில் ஈயமும் பிடிக்காது, லக்கை நசுக்கினாலும் நல்ல தொடுகை வராது. பளபளக்கிற செம்பு வரும்வரை வெட்டிக்கொண்டே போக வேண்டியிருந்தது. குறைந்த நீளத்துக்குப் புது 2.5 சதுர மில்லிமீட்டர் வயர், வீட்டு வயரிங்கில் வருகிற ஒற்றைக் கம்பியல்ல, பல இழை வயர். ஒற்றைக் கம்பி ரோட்டு அதிர்வில் முறிந்துபோகும். பம்புக்கு ஒரு லக், கேஜுக்கு வேறு லக், வேறு போல்ட். பல் வைத்த வாஷர் போட்டு இறுக்கி, இறுக்கிய பிறகு மேலே கிரீஸ்.

மறுபடி ஜம்பர், மறுபடி அளவு. ஏர்த் பக்கம் 0.1 வோல்ட். பம்பில் 11.4. பிளஸ் பக்கம் 0.6 இருந்தது 0.7 ஆகியிருந்தது. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பம்பு இப்போது கூடுதலாகக் கரண்ட் இழுக்கிறது, அதே வயரில் இழப்பும் அதற்கேற்பக் கொஞ்சம் கூடும். சத்தம் களைப்பு நீங்கித் திடமாக வந்தது. பிரஷர் கேஜ் ஒன்றை இரவல் வாங்கிப் பொருத்தினேன். பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்துகிற ரெகுலேட்டரின் வேக்கியும் ஹோஸைக் கழற்றிய நிலையில் இந்த எஞ்சினுக்கு 38 முதல் 44 பிஎஸ்ஐ இருக்க வேண்டும், 40 காட்டியது. கராஜில் போட்ட பம்பு நல்ல பம்புதான்.

ஆசனத்துக்குக் கீழே உரப்பைக்குள் பழைய பம்பும் கிடந்தது. முனைகளுக்கிடையில் ஒரு ஓம் அளவு காட்டியது, அதாவது உள்ளே சுருள் அறுந்திருக்கவில்லை. அது நல்லதென்று அதை வைத்துச் சொல்ல முடியாது. தேய்ந்த பம்பும் அதே ஓம் காட்டும். பெட்ரோல் இல்லாமல் ஓட்டிப் பார்க்கவும் கூடாது, டாங்கிப் பம்பைக் குளிர்விப்பதும் அதற்கு எண்ணெய் போல இருப்பதும் பெட்ரோல்தான். 2022 இல் கியூஆர் கோட்டாவுக்கு வரிசையில் நின்ற காலத்தில் பலரும் டாங்கி வற்ற வற்ற ஓடினோம். மாமாவும் அப்படித்தான் ஓடினார். அந்தப் பம்புக்கு அது எவ்வளவு கெடுதல் செய்ததென்று இப்போது சொல்ல முடியாது.

இனி இரண்டாவது நோய். திறப்பை விட்டவுடன் அணைவது.

ரிலேக்குள் இருக்கிற இரண்டு கொயிலையும் நினைவில் வைத்தால் இதைத் தேட வேண்டிய இடம் சிறியது. ஸ்டார்ட்டர் சுற்றும்போது எஞ்சின் பிடிக்கிறது என்றால் பம்பு ஓடுகிறது, முதல் கொயில் நல்லது. திறப்பு பின்வாங்கியதும் அந்தக் கொயில் ஓய்ந்து, காற்றுக் கதவின் கொயில் பொறுப்பெடுக்க வேண்டும். அது எடுக்கவில்லை. பலர் இந்த இடத்தில் ரிலேயை வாங்கிப் போடுவார்கள். வாங்குவதற்கு முன் விரலால் ஒரு சோதனை செய்யலாம். காற்று வடிகட்டியை எடுத்துவிட்டு, திறப்பை ஓனில் வைத்து, ஏர் ஃப்ளோ மீட்டரின் கதவை விரலால் மெதுவாகத் தள்ளினேன். பம்பு முனகியது. விட்டேன், நின்றது. தள்ளத் தள்ள ஒவ்வொரு முறையும் முனகியது. அப்போது சுவிட்ச் நல்லது, வயர் நல்லது, ரிலேயின் இரண்டாவது கொயிலும் நல்லது.

விரல் தள்ளினால் திறக்கிற கதவு காற்று தள்ளினால் திறக்கவில்லை என்றால், காற்று அந்த வழியாக வரவில்லை என்று அர்த்தம். கதவுக்கும் த்ரொட்டிலுக்கும் நடுவில் மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர்க் குழாய் இருக்கிறது. மேலே பார்த்தால் நல்ல குழாய். கழற்றிக் கவிழ்த்து மடிப்பை விரித்தால் அடிப்பக்கத்தில் சுண்டுவிரல் போகிற அளவு வெடிப்பு. முப்பது வருடக் கச்சான் வெயிலும் எஞ்சின் சூடும் ரப்பரை விட்டுவைக்குமா? எஞ்சின் மவுண்டில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து அந்த வெடிப்பு சில நாள் மூடிக்கொள்ளும், சில நாள் வாய் திறக்கும். திறந்த நாளில் காற்று குறுக்கு வழியில் போய்விடும், கதவு அசையாது, பம்பு நின்றுவிடும். மின்சாரத்தில் ஒரு பிழையும் இல்லாத மின்சாரப் பிழை. இந்த எஞ்சின்களில் எண்ணெய் மூடியை ஒழுங்காக மூடாவிட்டாலும் ஓட்டம் குழம்பும், காரணம் அதேதான்: அளக்கப்படாத காற்று.

தற்காலிகமாக சைக்கிள் டியூபை வெட்டி இறுக்கச் சுற்றி, இரண்டு பக்கமும் கிளிப் போட்டேன். கொழும்பு பஞ்சிகாவத்தையில் தெரிந்த உதிரிப்பாகக் கடையொன்றில் சொல்லிவைத்து, குழாய் இரவு பஸ்ஸில் பார்சலாக வந்து சேர்ந்தது. பாவித்த சாமான்தான், ஆனால் ரப்பர் இளக்கமாக இருந்தது.

இதற்கிடையில் பக்கத்து வளவு மாஸ்டர் வந்து ஒரு யோசனை சொன்னார்: "தம்பி, இவ்வளவு பாடு என்னத்துக்கு? பெட்டரியில இருந்து டிரெக்ட் லைன் ஒண்டு இழுத்து சுவிட்ச் வையுங்க." இந்த வைத்தியம் எங்கள் பக்கத்தில் நிறைய வண்டிகளில் இருக்கிறது. நான் கடைசி வரை ஒத்துக்கொள்ளவில்லை. டிரெக்ட் லைன் பிளஸ் பக்கத்தைத்தான் புதிதாக்கும். மாமாவின் பிழை இருந்ததோ ஏர்த் பக்கத்தில். அதைவிடப் பெரிய காரணம், எஞ்சின் நின்றால் பம்பு நிற்க வேண்டும் என்றுதான் அந்தக் காற்றுக் கதவும் இரண்டு கொயிலும். வண்டி எதிலாவது மோதி எஞ்சின் அணைந்து, பெட்ரோல் குழாயும் பிய்ந்தால், டிரெக்ட் லைனில் இருக்கிற பம்பு சூடான எஞ்சின் மேல் பெட்ரோலை இறைத்துக்கொண்டே இருக்கும். சுவிட்சை அணைக்கிற நிலையில் ஓட்டுநர் இருப்பார் என்று யார் உத்தரவாதம் தருவது? பியூஸ் இல்லாமல் இழுத்த லைன் என்றால் வயர் உரசினாலே போதும். மாஸ்டருக்கு முழுத் திருப்தி இல்லை. மாமாவுக்கு மகளின் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிற வண்டி அது என்ற நினைவு வந்ததும் பேச்சு அதோடு நின்றது.

நெல் ஏற்றி, மண்டூர்ப் பக்கமாக ஒரு சுற்று, இரவில் லைட்டோடும் ஓடிப் பார்த்தோம். எஞ்சின் ஓடும்போது பெட்டரியில் 13.9, பம்பில் 13.0. கேஜ் முள் எஞ்சின் ஓடினாலும் நின்ற இடத்தில் நிற்கிறது. மாமா இப்போது அதைத்தான் எல்லாருக்கும் காட்டுகிறார். பியூஸ் பெட்டி மூடியின் உள்ளே பெயின்ட் பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன்: பம்பு 11.4, பிளஸ் 0.7, ஏர்த் 0.1, எஞ்சின் ஓஃப், ஜம்பரில். அடுத்து கை வைக்கிறவர் அந்த எண்களோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். பிளஸ் பக்கத்து 0.7 கொஞ்சம் கூடத்தான். அறுவடை முடிந்து கெப் சும்மா நிற்கும்போது மெயின் ரிலேயின் சொக்கெட்டையும் பியூஸ் முனைகளையும் கழற்றிச் சுத்தம் பண்ண வேண்டும்.